லெயோவில் பார்ட்டன் 1996: மாளிகை இல்லாத தோட்டம், எளிதில் மசியாத ஒயின்

லெயோவில் பார்ட்டன், பிரான்சின் போர்தோ வட்டாரத்துத் திராட்சைத் தோட்டம்; அதன் ஒயினுக்கும் அதே பெயர். பாட்டிலின் மேல்தாளில் அச்சாகியிருக்கும் மாளிகை அந்தத் தோட்டத்தினுடையது அல்ல. அது பக்கத்துத் தோட்டமான லாங்கோவா பார்ட்டனுடையது, 1758-ல் கட்டியது. லெயோவில் பார்ட்டனுக்கென்று மாளிகை கிடையாது. கொடிகள் மட்டும் அதன் மண்ணில் நிற்கின்றன. நொதிப்பது, பீப்பாயில் கிடப்பது, பாட்டிலில் ஏறுவது எல்லாம் லாங்கோவாவின் கூரைக்குக் கீழ்தான். இரண்டும் ஒரே குடும்பத்தின் சொத்து என்பதால் இதில் வில்லங்கம் ஒன்றும் இல்லை. ஆனாலும் ஆடம்பரத்துக்குப் பேர்போன போர்தோவில், தரப்பட்டியலில் உயர்ந்த இடத்தில் இருக்கும் ஒரு தோட்டம் இரவல் வீட்டின் படத்தோடு இத்தனை தலைமுறை ஓட்டியிருப்பது, அந்தக் குடும்பத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறது.

1996-ம் ஆண்டு ஒயினும் அந்தக் குணத்தோடுதான் இருக்கிறது. இப்போது குடிக்கலாமா என்றால், தாராளமாகக் குடிக்கலாம். முதல் வாயிலேயே பிடித்துப்போகுமா என்றால், பலருக்குப் பிடிக்காது. துவர்ப்பும் புளிப்பும் வாசலில் நிற்கும்; பழச்சுவை உள்ளே இருந்து மெல்ல வரும். ஏறக்குறைய முப்பது ஆண்டுக்குப் பிறகும் இப்படித்தான். கொழகொழவென்ற இனிப்புச் சாயலும் ஓக் மரத்தின் வெனிலா வாசமும் தேடுபவர்கள் இந்தப் பணத்துக்கு வேறு ஒயின் வாங்குவது நல்லது. சாப்பாட்டோடு இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, கோப்பையில் ஒயின் மாறுவதைக் கவனிக்கப் பொறுமை உள்ளவர்களுக்கு, இதே விலையில் இதைவிட நேர்மையான பழைய மெடோக் (போர்தோவின் இடக்கரைப் பகுதி) ஒயின் கிடைப்பது கடினம்.

இடத்தைச் சொல்லிவிடலாம். போர்தோ நகரிலிருந்து ஜிரோந்து கழிமுகத்தின் இடக்கரையோடு வடக்கே ஏறக்குறைய 45 கிலோமீட்டர் போனால் சேன் ஜூலியான். வடக்கு எல்லையில் போயாக். சேன் ஜூலியானில் கொடி நிலம் ஏறத்தாழ 900 ஹெக்டேர்தான். மெடோக்கின் நான்கு புகழ்பெற்ற ஊர்களில் மிகச் சிறியது இது. ஆனால் போர்தோ தோட்டங்களை 1855-ல் தரவரிசைப்படுத்திய பட்டியலில் இங்கே 11 தோட்டங்கள் இருக்கின்றன. முதல் தரத்தில் ஒன்றுகூட இல்லை. இரண்டாம் தரத்தில் மட்டும் ஐந்து. அந்த ஐந்தில் மூன்று லெயோவில் என்ற ஒரே பெயரைச் சுமக்கின்றன: லாஸ் காஸ், புவாஃபெரே, பார்ட்டன்.

மூன்றும் ஒரு காலத்தில் ஒரே பெரும் பண்ணை. பிரெஞ்சுப் புரட்சியும் வாரிசுப் பாகப்பிரிவினையும் சேர்ந்து அதை உடைத்தன. அந்தப் பண்ணையின் ஏறத்தாழ கால் பங்கை 1826-ல் வாங்கியவர் ஹ்யூ பார்ட்டன். ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே, 1821-ல், லாங்கோவாவை வாங்கியிருந்தார். பார்ட்டன்கள் அயர்லாந்துக்காரர்கள், தாமஸ் பார்ட்டன் 1725-ல் போர்தோவில் ஒயின் வணிக நிறுவனம் தொடங்கியவர். புரட்சிக் காலத்தில் சிறைவாசம் கண்ட ஹ்யூ பிறகு நாட்டைவிட்டு வெளியேற வேண்டியதாயிற்று. கடையைக் கவனித்துக்கொண்ட தனியேல் கெஸ்தியேவை 1802-ல் கூட்டாளியாக்கினார். பார்ட்டன் அண்டு கெஸ்தியே என்ற பெயர் இன்றும் மலிவு விலை பாட்டில்களில் உலகெங்கும் தென்படுகிறது. அந்த வணிக நிறுவனம் எப்போதோ கைமாறிவிட்டது. இந்தத் தோட்டத்துக்கும் அதற்கும் இப்போது தொடர்பு இல்லை. இரண்டையும் குழப்பிக்கொண்டு "பார்ட்டன் குடித்திருக்கிறேன், சாதாரணம்தான்" என்பவர்கள் உண்டு.

1996 ஒயினைச் செய்தவர் அந்தோனி பார்ட்டன். தந்தையின் உடன்பிறந்தவரான ரோனால்ட் பார்ட்டனிடமிருந்து 1983-ல் தோட்டத்தின் பொறுப்பு அவர் கைக்கு வந்தது. 2022 ஜனவரியில் காலமானார். இப்போது மகள் லிலியன் பார்ட்டன் சர்த்தோரியுஸும் அவருடைய பிள்ளைகளும் நடத்துகிறார்கள். அந்தோனி போர்தோ வட்டாரத்தில் ஒயினுக்காக எவ்வளவு பேசப்பட்டாரோ, விலைக்காகவும் அவ்வளவு பேசப்பட்டார். அறுவடைக்கு அடுத்த வசந்தத்தில், ஒயின் இன்னும் பீப்பாயில் இருக்கும்போதே, தோட்டங்கள் முன்விற்பனை விலையை அறிவிக்கும். தரகர்களும் மொத்த வணிகர்களும் வாங்கி உலகத்துக்கு விற்பார்கள். அக்கம்பக்கத்தார் என்ன விலை சொல்கிறார்கள் என்று பார்த்து, அதைவிட ஒரு யூரோ கூட்டிச் சொல்வதுதான் அங்கே மானப் பிரச்சினை. அந்தப் போட்டியில் அவர் இறங்கவில்லை. அந்த வழக்கத்தின் பலன் இன்றைய இரண்டாம் கை விலையிலும் தெரிகிறது. 1996 லெயோவில் பார்ட்டன் ஐரோப்பாவில் பொதுவாக 100 முதல் 150 யூரோவுக்குள் கிடைக்கும். அதே ஆண்டு லெயோவில் லாஸ் காஸுக்கு இரண்டு மடங்குக்கு மேல் கொடுக்க வேண்டும். லாஸ் காஸ் 1996 இன்னும் ஆழமான ஒயின், ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். இரண்டு மடங்கு ஆழமா என்றால், இல்லை.

அந்த ஆண்டின் வானிலை தெரியாமல் இந்த ஒயினின் கெடுபிடி புரியாது. 1996 ஆகஸ்டு குளிர்ச்சியாகவும் மழையாகவும் போனது. செப்டம்பரில் வானம் வெளுத்தது. வெயிலோடு உலர்ந்த காற்றும் அடித்தது, இரவுகள் குளிர்ந்தன. வெயில் பழத்தைப் பழுக்க வைத்தது, குளிர்ந்த இரவு புளிப்பைக் கரையவிடவில்லை. சீக்கிரம் பழுக்கும் மெர்லோ திராட்சைக்கு இதன் முழுப் பலன் கிட்டவில்லை. மெர்லோவை நம்பியிருக்கும் வலக்கரை ஊர்களான சேன்தெமிலியோனும் பொமெரோலும் அந்த ஆண்டு மெடோக்குக்குப் பின்தங்கின. தாமதமாகப் பழுக்கும் கபெர்னே சொவின்யோன் திராட்சைக்குத்தான் யோகம். அக்டோபர் வரை கொடியில் காத்திருந்த கபெர்னே தடித்த தோலோடும், நல்ல நிறத்தோடும், கூர்மையான புளிப்போடும் வந்தது. லெயோவில் பார்ட்டனின் சுமார் 50 ஹெக்டேரில் முக்கால் பங்குக்கு நெருக்கமாக கபெர்னேதான். ஆக, அந்த ஆண்டு இந்தத் தோட்டத்துக்கென்றே அமைந்தது போல ஆனது.

மண் கூழாங்கல்லும் சரளையும், அடியில் களிமண். சரளை நீரை வடித்துவிடும், பகல் வெப்பத்தை இரவில் திருப்பித் தரும். கபெர்னேக்கு இரண்டும் வேண்டும். ஒயின் செய்முறை பழைய பாணி. காம்பு நீக்கிய பழத்தைப் பெரிய மரத் தொட்டிகளில் நொதிக்க விடுகிறார்கள். வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் வசதி உண்டு. மேலே மிதக்கும் தோல் அடுக்கு காயாமல் இருக்க, அடியிலிருந்து சாற்றை இறைத்து மேலே ஊற்றுவார்கள். பிறகு 225 லிட்டர் ஓக் பீப்பாய்களில் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு. பீப்பாயில் பாதி அல்லது அதற்குச் சற்று மேல்தான் புதியது. 1990-களில் பலரும் முழுக்கப் புது ஓக் என்று போய், ஒயினை மரத்தூள் வாசம் அடிக்க வைத்த காலம். அந்த அலையில் இந்த வீடு சேரவில்லை என்பதை இன்று 1996 பாட்டிலைத் திறக்கும்போது உணரலாம்: மர வாசம் என்று தனியாக எதுவும் மேலெழுவதில்லை.

இனி கோப்பை. நல்ல நிலையில் இருந்த பாட்டிலில், நடுவில் இன்னும் அடர்ந்த மாதுளை நிறம் இருக்கும். கோப்பையை வெள்ளைத்தாள் மேல் சாய்த்தால் விளிம்பு செங்கல் நிறத்துக்குத் திரும்பியிருப்பது தெரியும். விளிம்பு மட்டுமல்லாமல் நடுவிலும் தேநீர் போலப் பழுப்பேறியிருந்தால், அந்தப் பாட்டில் வெப்பத்தில் கிடந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

மணத்தில் முதலில் வருவது பழம் அல்ல. சீவிய பென்சில், சுருட்டுப் பெட்டியைத் திறந்தால் வரும் தேவதாரு மணம், பாடம் செய்த புகையிலை. அரை மணி கழித்து, கறுத்த பழத்தின் மணம் எழும். ஐரோப்பியர்கள் காசிஸ் என்று சொல்லும் பிளாக்கரன்ட் பழம் நம் பக்கம் விளைவதில்லை. நன்றாகப் பழுத்த நாவல் பழத்தின் அந்த இனிப்பும் புளிப்பும் துவர்ப்பும் கலந்த மணத்தை நினைத்துக்கொண்டால் வெகு தொலைவில் இல்லை. அதன் அடியில் மழை நின்ற பிறகு தோப்பில் மக்கும் இலைகளின் ஈர வாசம், கொஞ்சம் இரும்பு. பச்சைக் குடைமிளகாய் வாசம் இதில் இல்லை. கபெர்னே முழுதாகப் பழுக்காத ஆண்டுகளில் வரும் குற்றம் அது.

வாயில் வைத்தால் புளிப்புதான் முதுகெலும்பு. நாக்கின் இரு ஓரத்திலும் நீர் சுரக்கும். துவர்ப்பு, ஈறையும் கன்னத்தின் உட்புறத்தையும் இறுக்கிப் பிடிக்கும். கட்டித் தேயிலைச் சாயம் போல. ஆனால் பச்சைப் பாக்கின் முரட்டுத்தனம் இல்லை. இளம் ஒயினில் துவர்ப்பு மூலக்கூறுகள் தனித்தனியாக எச்சிலின் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு வாயை உலர்த்தும். ஆண்டுகள் போகப்போக அவை ஒன்றோடொன்றும் நிறப்பொருளோடும் கோத்துக்கொண்டு நீளும். நீண்டு கனத்தவை கரைசலில் நிற்க முடியாமல் அடியில் மண்டியாகப் படியும். பழைய ஒயின் மெதுவானதும், நிறம் வெளிறியதும், அடியில் மண்டி சேர்ந்ததும் ஒரே வேலையின் மூன்று முகங்கள். 1996-ல் இந்த வேலை இன்னும் முடியவில்லை. நிலவறை நன்றாக இருந்தால் இன்னும் பத்துப் பதினைந்து ஆண்டு தாங்கும். ஆனால் பழம் இனிமேல் கூடப்போவதில்லை, குறையத்தான் போகிறது. துவர்ப்பு முழுக்கக் கரையட்டும் என்று காத்திருந்தால் பழமும் கூடவே போய்விடும். வைத்திருப்பவர்கள் இப்போதிருந்தே ஒவ்வொன்றாகத் திறக்கலாம் என்பதே எங்கள் கணிப்பு.

குறை என்ன? நடுவாய் சற்று ஒல்லி. முன்னால் புளிப்பும் பின்னால் துவர்ப்பும் நிற்க, இடையில் சதை போதவில்லை என்று தோன்றும் தருணங்கள் உண்டு. 1995-ல் சதை கூடுதல், கூர்மை குறைவு. 2000 எல்லா வகையிலும் பெரிய உருவம், ஆனால் அது இன்னும் இறுக்கமாகத்தான் இருக்கிறது, விலையும் கூட. 1990 வெயில் ஆண்டு, மென்மை, சீக்கிரம் இணங்கியது. மென்மை வேண்டுபவர்கள் அதே 1996-ல் லெயோவில் புவாஃபெரேயைப் பார்க்கலாம், அது உருண்டு திரண்ட ஒயின். செலவைக் குறைக்க வேண்டுமென்றால் லாங்கோவா பார்ட்டன் 1996: மூன்றாம் தரம், அதே கைகள், அதே கூடம். நீளம் குறைவு; அதனாலேயே இன்று குடிக்கச் சற்று இலகு.

இனி, வாங்குவது. முப்பது வயதை நெருங்கும் ஒயினில் ஒரே ஆண்டு, ஒரே தோட்டம் என்றாலும் இரண்டு பாட்டில் ஒரே மாதிரி இருப்பதில்லை. அதனால் தோட்டத்தின் பெயரைவிடப் பாட்டிலின் பிழைப்புக் கதைதான் முக்கியம். முதலில் பார்க்க வேண்டியது ஒயின் எந்த மட்டத்தில் நிற்கிறது என்பது. போர்தோ பாட்டிலுக்குத் தோள் உண்டு, அதுவே அளவுகோல். ஒயின் கழுத்துக்குள் நின்றால் மிக நல்லது. கழுத்தின் அடியில் நின்றால் இந்த வயதுக்கு இயல்பு. தோளின் மேல்விளிம்பு என்றால் விலையைக் குறைத்துக் கேட்கலாம், கெட்டிருக்க வேண்டியதில்லை. நடுத்தோளுக்கு இறங்கியிருந்தால் 1996-ஐ வாங்காதீர்கள். 1961 பாட்டிலுக்கு அந்த இறக்கம் மன்னிக்கத் தக்கது, இதற்கு அல்ல. தக்கை வழியே காற்று நுழைந்திருக்கிறது என்பதே அதன் பொருள்.

அடுத்து மூடியுறை. தக்கை மேலேறி உறையைத் தள்ளிக்கொண்டு நின்றால் பாட்டில் சூட்டில் வெந்திருக்கிறது. சூட்டில் ஒயின் விரியும், தக்கையைத் தள்ளும், கசியும். ஆறும்போது சுருங்கி, கசிந்த இடத்தில் காற்றை இழுத்துக்கொள்ளும். உறையைக் கையால் திருகிப் பார்ப்பார்கள். வழுக்கிச் சுற்றினால் கசிவு இல்லை என்று ஓரளவு நம்பலாம், பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டால் சந்தேகம். மேல்தாள் ஈரத்தில் கறைபட்டிருப்பது அழகுக் குறைவே தவிர ஒயினுக்குக் கேடில்லை. சொல்லப்போனால் ஈரப்பதமுள்ள நிலவறையில் இருந்ததற்கு அதுவே சாட்சி. மினுமினுவென்று புத்தம்புது மேல்தாளும், தோள் வரை இறங்கிய ஒயினும் சேர்ந்திருந்தால்தான் பயப்பட வேண்டும்: உலர்ந்த, சூடான அறை.

12 பாட்டில் கொண்ட அசல் மரப்பெட்டியோடு, ஒரே கையில் இருந்தது கிடைத்தால் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம். லண்டனில் வாங்குபவர்கள் வரி கட்டாத சரக்கறையில் இருக்கும் சரக்கைக் கேட்பது நல்லது. அங்கே வெப்பமும் ஈரப்பதமும் சீராக இருக்கும், எப்போது நுழைந்தது என்ற பதிவும் இருக்கும். ஆனால் அங்கே சொல்லும் விலை முழு விலை அல்ல. வெளியே எடுக்கும்போது மதுத்தீர்வையும் 20 விழுக்காடு மதிப்புக்கூட்டு வரியும் சேரும். ஏலத்தில் எடுத்தால் ஏல நிறுவனத்தின் கட்டணம் 20 விழுக்காட்டுக்கு மேல் வருவது வழக்கம். சுத்தியல் விழும் விலையைப் பார்த்து மலிவென்று குதித்துவிடக் கூடாது. இந்தியாவுக்குப் பெட்டியில் எடுத்துவருபவர்களுக்கு வரியின்றி 2 லிட்டர் வரை அனுமதி, அதாவது 750 மில்லி பாட்டில் இரண்டு. கைப்பையில் பாட்டிலை ஏற்றவிட மாட்டார்கள். தீர்வையில்லாக் கடையில் வாங்கி முத்திரையிட்ட பையில் இருந்தால் மட்டும் விதிவிலக்கு. சரக்குப் பெட்டியில் துணி சுற்றி வைத்தால் உடையாது, ஆனால் மண்டி முழுக்கக் கலங்கிவிடும். வந்திறங்கிய அன்றே திறந்தால் சேற்றுத் தண்ணீர்தான். மூன்று, நான்கு வாரம் அசையாமல் கிடக்கட்டும்.

கிடக்கும் இடம் 12 முதல் 14 பாகை செல்சியஸ், ஈரப்பதம் 70 விழுக்காட்டுக்கு அருகில், இருட்டு. எண்ணைவிட ஏற்ற இறக்கம் இல்லாமல் இருப்பது முக்கியம். சென்னையின் மே மாதத்தில் அலமாரியில் வைத்த பழைய ஒயின் ஒரே கோடையில் வெந்துபோகும். குளிர்சாதனம் இரவில் ஓடி பகலில் நிற்கும் அறை இன்னும் மோசம், தக்கையைத் தினமும் ஏற்றி இறக்கும். ஒயினுக்கென்ற குளிர்பெட்டி இல்லையென்றால், சாதாரண குளிர்பதனப் பெட்டியின் அடித்தட்டில் சில வாரம் வைக்கலாம். குளிர் அதிகம்தான், ஆனால் சூட்டைப் போல அது ஒயினைச் சாகடிக்காது. நீண்ட காலத்துக்கு ஆகாது. உள்ளே காற்று வறண்டது, தக்கை காயும்.

திறப்பதற்கு இரண்டு நாள் முன்பே பாட்டிலை நிமிர்த்தி வைத்துவிட வேண்டும். படுக்கையில் பக்கவாட்டில் படிந்த மண்டி அடிக்கு இறங்க அவ்வளவு நேரம் பிடிக்கும். ஒருநாள் போதும் என்று சொல்பவர்கள் உண்டு. 1996-ன் மண்டியில் மாவு போன்ற மென்துகள் அதிகம், ஒருநாளில் முழுக்க இறங்குவதில்லை.

உறையைப் பாதியில் வெட்டாமல் முழுதாக உரித்துவிடுங்கள். கழுத்தும் தோளும் தெரிந்தால்தான் தெளிவை வடிக்கும்போது மண்டி வருவதைப் பார்க்க முடியும். தக்கைத் தலையில் கரும்பூஞ்சை இருந்தால் ஈரத்துணியால் துடைத்தால் போதும், அது குற்றம் அல்ல. அடுத்தது தக்கை. இத்தகைய ஒயின்களுக்கு ஐந்து சென்டிமீட்டர் நீளத் தக்கை போடுவார்கள். முப்பது ஆண்டில் அதன் கீழ்ப்பாதி ஊறி மெத்தென்று ஆகியிருக்கும், மேல்பாதி கண்ணாடியில் ஒட்டியிருக்கும். சாதாரணத் திருகி நடுவில் துளைத்து இழுத்தால் பாதியில் முறியும். இரண்டு தகட்டுக் கால்கள் கொண்ட இழுப்பான்தான் இதற்கு ஏற்றது. நீளமான காலைத் தக்கைக்கும் கண்ணாடிக்கும் இடையில் முதலில் செருகி, மற்றதை எதிர்ப்பக்கம் நுழைத்து, இப்படியும் அப்படியும் அசைத்து அசைத்துக் கீழே இறக்க வேண்டும். பிறகு திருகியபடியே மேலே இழுக்க வேண்டும். அவசரப்பட்டு அழுத்தினால் தக்கை உள்ளே விழும். திருகியும் தகடும் சேர்ந்த கருவி இருந்தால் இன்னும் பத்திரம்.

முறிந்துவிட்டால் பதற வேண்டாம். மிச்சத் துண்டில் திருகியைச் சாய்வாக நுழைத்து மெல்ல இழுத்துப் பாருங்கள். வரவில்லை என்றால் உள்ளே தள்ளிவிட்டு, சோப்பு வாசமில்லாமல் அலசிய மெல்லிய மல் துணியில் வடிகட்டலாம். வடிகட்டும் காகிதம் வேண்டாம், அது தன் சுவையை ஒயினுக்குக் கொடுக்கும். எடுத்த தக்கையில் தோட்டத்தின் பெயரும் 1996 என்ற எண்ணும் பதிந்திருக்கும். மேல்தாளோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம்.

தெளிவைக் குடுவைக்கு வடிக்கும் வேலை ஒரே மூச்சில் நடக்க வேண்டும். ஒரு கையில் கண்ணாடிக் குடுவை, மறுகையில் பாட்டில். பாட்டிலின் தோளுக்குக் கீழே மெழுகுவத்தியோ கைபேசி விளக்கோ எரியட்டும். நூல் போல ஊற்றுங்கள். இடையில் நிமிர்த்தினால் அடிமண்டி அலைபோல எழுந்து எல்லாவற்றையும் கலக்கிவிடும். கடைசியில் புகை போன்ற ஒரு கோடு தோளை நோக்கி நகர்ந்து வரும். அது கழுத்தை எட்டும் முன் நிறுத்த வேண்டும். பாட்டிலில் அரைக் கோப்பை அளவு, 50 மில்லி போல, தங்கும். அதற்காக வருந்திக் கடைசிச் சொட்டுவரை கவிழ்ப்பவர்கள் குடுவை முழுவதையும் கசக்க வைத்துவிடுகிறார்கள்.

பழைய ஒயினைக் காற்றாட விடக்கூடாது என்ற பொதுவான எச்சரிக்கை 1996 பார்ட்டனுக்குச் செல்லாது. குடுவையில் ஒரு மணி நேரம் அவசியம். இரண்டு மணி வரை அது வளர்ந்துகொண்டே போகும். திறந்ததும் வரும் மூடிக்கிடந்த அறையின் மக்கல் வாசம் இருபது நிமிடத்தில் போய்விடும். போகாமல் நாழிகை ஏற ஏறக் கூடினால் வேறு கதை. நனைந்து காயாத அட்டைப்பெட்டி, ஈரச் சாக்கு போன்ற வாசம் என்றால் அது தக்கைநோய். ட்ரைகுளோரோ அனிசோல் என்ற பொருள் தக்கையிலிருந்து இறங்குகிறது. லிட்டருக்குச் சில நானோகிராம் போதும், பழத்தின் மணம் முழுக்க அமுங்கிவிடும். உடம்புக்குக் கேடில்லை, ஆனால் மருந்தும் இல்லை. கடைக்காரர் நல்லவரானால் மாற்றித் தருவார் அல்லது பணம் தருவார். ஏலத்தில் எடுத்ததற்கு அந்த வழி கிடையாது. குதிரை லாயம், தோல் சேணம் போன்ற வாசம் பிரெட்டனோமைசிஸ் என்ற ஈஸ்ட்டின் வேலை. பழைய மெடோக்கில் அது கொஞ்சம் இருந்தால் பலர் ரசிக்கிறார்கள். மருந்துக்கடைப் பட்டித் துணி வாசமாகிவிட்டால் யாரும் ரசிப்பதில்லை. வேகவைத்த உலர் பிளம் பழம், சோயா சாறு போன்ற வாசமும் தட்டையான சுவையும் வந்தால் சூட்டில் வெந்தது என்று பொருள்.

பரிமாறும்போது 16, 17 பாகை. "அறை வெப்பம்" என்பது கணப்பு இல்லாத பழைய ஐரோப்பிய வீட்டு அறையைக் குறித்த சொல். நம் ஊர் 30 பாகை அறையில் சாராய நெடி முன்னே வரும், துவர்ப்பு கலைந்து சொரசொரப்பாகும். குளிர்பதனப் பெட்டியில் கொஞ்ச நேரம் வைத்து எடுத்தால் சரியாகிவிடும். அதற்காக 10 பாகைக்குக் கொண்டுபோனால் மணம் அடைத்துக்கொண்டு துவர்ப்பு மட்டும் மிஞ்சும்.

மெடோக்கில் இதற்கு இணை, பக்கத்து ஊரான போயாக்கின் பால்குடி மறக்காத ஆட்டுக்குட்டி இறைச்சி. உப்பும் பூண்டும் போட்டு வாட்டுவது. இறைச்சியின் புரதமும் கொழுப்பும் துவர்ப்பைப் பிடித்துக்கொள்வதால் ஒயினின் பழம் வெளியே தெரியும். வற்றல் மிளகாய்க் காரம் இதற்கு எதிரி: எரிச்சலும் துவர்ப்பும் ஒன்றை ஒன்று ஏற்றிவிட்டு இரண்டுமே கசப்பாகும். அதே ஆட்டுக்கறியைக் கொஞ்சம் மிளகும் சின்ன வெங்காயமும் போட்டு வறட்டினால் ஒத்துப்போகும். புளி சேர்ந்த குழம்பு, மீன், தக்காளிச் சாறு எதுவும் வேண்டாம். வயதான கடினப் பாலாடைக்கட்டி நல்லது. நீலப் பூஞ்சைக் கட்டி ஒயினை விழுங்கிவிடும்.

ஒரு பாட்டில் நான்கு பேருக்குச் சரி, ஆறு பேருக்கு ஆளுக்கு ஒரு வாய். ஒன்றரை லிட்டர் மேக்னம் கிடைத்தால் விலை இரட்டிப்புக்குச் சற்று மேல் இருந்தாலும் யோசிக்கலாம்: தக்கை வழியே நுழையும் காற்று ஏறக்குறைய அதே அளவு, ஒயின் இரண்டு மடங்கு, அதனால் மெதுவாக முதிர்ந்திருக்கும். 375 மில்லி அரைப் பாட்டிலில் இதே கணக்கு தலைகீழ். 1996 அரைப் பாட்டில்கள் இந்நேரம் களைத்திருக்க வாய்ப்பு அதிகம். அடியில் மிஞ்சிய அந்த 50 மில்லி மண்டியைக் கொட்டிவிட வேண்டாம். துணியில் வடிகட்டி, வாட்டிய ஆட்டிறைச்சியின் சட்டியில் ஊற்றி, ஒட்டிய பிசிர்களைச் சுரண்டி நன்றாகக் கொதிக்கவிட்டால், அடுத்த தட்டுக்குச் சாறு தயார்.